பதின்மூன்றாம் வாரம்

எங்கள் ஞானாம்பிகை நகரில் நாற்பத்தோரு வீடுகள்தான் இருந்தன. நாற்பத்திரண்டாவது வீடு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, பதினேழாம் நம்பர் காலி மனையில் வந்து நின்றது. அஸ்திவாரம் தோண்டியதையோ செங்கல் லாரி வந்ததையோ யாரும் பார்க்கவில்லை, அதற்காக யாரும் அலட்டிக்கொள்ளவும் இல்லை, ஏனென்றால் அது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த வீடு: பச்சைப் பெயின்ட் அடித்த ஜன்னல்கள், சிவப்புத் தரை, முன்னால் ஒரு போர்ட்டிகோ, பின்னால் கைப்பிடிச் சுவர் தாழ்ந்த ஒரு கிணறு. முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் பதின்மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் டிவிக்கு முன் உட்கார்ந்து பார்த்த வீடு அது. பழைய வீடியோ நாடாவின் சாயம் அப்படியே ஒட்டியிருந்ததால் சுவரெல்லாம் லேசாகப் பச்சை பாய்ந்திருந்தது. அவ்வப்போது ஒரு வெள்ளைக் கோடு கூரையிலிருந்து தரை வரைக்கும் நெளிந்து இறங்கியது.

நாடகத்தின் பெயர் ‘ஐந்தே முக்கால் வண்டி’. வந்தது தொண்ணூற்றொன்றில், கதை நடப்பது அறுபத்து நாலில். மவுண்ட் ரோட்டில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வாசகம் எழுதுகிற கேசவன், ஐந்தே முக்கால் மின்சார ரயிலைப் பிடித்துப் புறநகரில் புதிதாகக் கட்டிய வீட்டுக்குத் திரும்புவான். அவன் மனைவி சுலோசனா பகல் முழுக்கப் பேச ஆளில்லாமல் அறை அறையாக நடப்பாள். ஏழு வயது மகள் பாப்பு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடப்பாள். கடைசி வாரத்தில், மகளின் படத்தைப் போட்டுத் தயாரித்த விளம்பரத்தை முதலாளி ஒப்புக்கொண்டுவிட்டார் என்று கேசவன் ஆபீஸிலிருந்து போன் செய்ய, சுலோசனா சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டிருக்க, பின்பக்கம் பாப்பு கிணற்றில் விழுந்து செத்துப்போவாள். ஊரே அழுதது என்பார்கள். ஊரைப் பற்றி எனக்குத் தெரியாது, நான் அழுதேன்.

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது, கல்யாணமாகி மூன்று மாதம், புகுந்த வீட்டில் தும்முவதற்குக்கூட யோசிக்கிறவளாக இருந்தேன். அந்தக் கடைசி வாரம் வீட்டில் எல்லோரும் அழுதார்கள், கூட்டத்தோடு கூட்டமாக நானும் அழுதேன், பாப்புவுக்காக ஆரம்பித்து எனக்காகவும் சேர்த்து அழுதேன், ஏன் அழுகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படி ஓர் அழுகை அப்புறம் எனக்கு வாய்க்கவே இல்லை. போன வருஷம் என் வீட்டுக்காரர் போனபோதுகூட வரவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த நாடகத்தை மறுபடி கிளப்பியவர் எங்கள் நலச்சங்கச் செயலாளர் நாகலிங்கம் சார். தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் தீர்மானம் போட்டுத்தான் செய்வார். அவர் வீட்டில் சாம்பாரா ரசமா என்பதற்கும் தீர்மானம் உண்டு என்று நாங்கள் கேலி பேசுவோம். பதின்மூன்று வாரமும் முழுசாக எங்கிருந்தோ அவர் கையில் கிடைத்தது. “இப்ப வர்ற மாதிரி மாமியார் விஷம் வைக்கிற கதை இல்லைம்மா, குடும்பத்தோட உக்காந்து பார்க்கலாம்,” என்று வீடு வீடாகச் சொல்லி, ஞாயிறு நாலு மணிக்குச் சமுதாயக் கூடத்தில் போட்டார். மூன்று வாரம் டிவியில் ஓடியது. நாலாவது வாரம் டிவியைப் போட்டால் எங்கள் பதினேழாம் மனையே தெரிந்தது, கருவேல முள்ளும் மேய்கிற இரண்டு ஆடுகளுமாக. வெளியே வந்து பார்த்தால் மனையில் வீடு நின்றது, கேசவன் போர்ட்டிகோவில் ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தான். நாங்கள் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்து உட்கார்ந்தோம்.

அப்புறம் எல்லாம் பழகிப்போயிற்று. ஞாயிறு நாலு மணிக்கு அந்த வீடு அசையும், நாலரைக்கு நின்றுவிடும், நடுவில் விளம்பர இடைவேளைக்கு இரண்டு நிமிஷம் சுலோசனா தூக்கிய காலோடு நிற்பாள், அதற்குள் நாங்கள் டீ போட்டுக்கொண்டு வந்துவிடுவோம். மற்ற நாட்களில் மூன்று பேரும் நின்றது நின்றபடி இருப்பார்கள். அந்தக் கேட்டைத் தாண்டி யாராலும் போக முடியவில்லை. கால் வைத்தால் மறுபடி தெருவிலேயே நிற்போம். வாக்காளர் பட்டியல் எடுக்க வந்த பெண் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ‘ஆட்கள் உண்டு, பதில் இல்லை’ என்று எழுதிக்கொண்டு போனாள். தெரு நாய்கள் மட்டும் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டன, அதை ஒரு நல்ல விஷயமாகத்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கேசவன் எழுதுகிற வாசகங்களும் வெளியே வர ஆரம்பித்தன. ஞாயிறு அவன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினால், திங்கள் காலை எங்கள் காம்பவுண்டுச் சுவர்களில் அது எனாமல் பெயின்டில் இருக்கும். ‘உங்கள் வீட்டில் என்ன வாசனை?’ என்று வெண்தாமரைச் சோப்புக்கு எழுதினான். அந்த வாரம் முழுக்க நாற்பத்தோரு வீட்டிலும் திரைச்சீலையை முகர்ந்து பார்க்காத பெண் இல்லை. எல்லோர் வீட்டிலும் ஒரு வாசனை இருக்கத்தான் செய்தது. அப்படி ஒரு சோப்பே உலகத்தில் இல்லை என்று முக்குக்கடைச் செல்வம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். “இல்லாத சாமானைக் கேட்டா நான் எங்கம்மா போவேன்?” என்று கையெடுத்துக் கும்பிட்டார். குறையை எங்களிடம் கொடுத்துவிட்டு மருந்தைத் தன்னிடமே வைத்துக்கொண்ட அந்த மனுஷன் மேல் எனக்கு அப்போதே ஒரு கிலி உண்டானது.

தெருவுக்கு வராதவள் ஒருத்திதான், இருபத்திரண்டாம் நம்பர் சித்ரகலா. அவள்தான் பாப்புவாக நடித்தவள். இப்போது நாற்பத்தொரு வயது, ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, கணவன் தயாளன் பஸ் டெப்போவில் மேற்பார்வையாளர், பிள்ளை இல்லை. ஐந்தாவது வாரம் அந்த வீட்டுப் பாப்பு கேட்டில் மோதி மோவாயைக் கிழித்துக்கொண்டாள், மறுநாள் சித்ராவின் மோவாயில் ஒரு தழும்பு இருந்தது. ஏழாவது வாரம் அந்த வீட்டுக்கு அம்மை குத்துகிறவர் வந்தார். திங்கட்கிழமை காலை சித்ரா என் சமையலறைக்கு வந்து ரவிக்கைக் கையை ஏற்றிக் காட்டினாள். தோளுக்குக் கீழே இரண்டு வட்டத் தழும்புகள்.

“அக்கா, நான் எண்பத்து நாலுல பொறந்தவ. அம்மை குத்துறதை அதுக்கு முன்னாலயே நிறுத்திட்டாங்க. தினம் அம்பது கையைக் கட்டி ரத்தம் எடுக்கிறேன், என் வயசுல ஒருத்தர் கையிலயும் இது கிடையாது.”

“முன்னாடியே இருந்திருக்கும், நீ கவனிச்சிருக்க மாட்டே,” என்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல்தான் சொன்னேன்.

“நேத்து வரைக்கும் இல்லாதது, இன்னிக்கு முப்பது வருஷப் பழசா இருக்கு. அதான்க்கா பயமா இருக்கு.” அவள் ரவிக்கைக் கையை இறக்கி விட்டுக்கொண்டாள். “அவளுக்கு எது நடந்தாலும் எனக்கு நடக்குது. பதின்மூணாவது வாரம் என்ன நடக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?”

பாலைப் பொங்கவிட்டுவிட்டு நின்றேன். அவளே அடுப்பை அணைத்தாள். அன்றைக்குத்தான் அந்தக் காட்சியை எடுத்த கதையைச் சொன்னாள்: எட்டிப் பார்ப்பது மட்டும் நிஜக் கிணறாம், விழுந்தது இடுப்பளவு தண்ணீர் இருந்த சிமென்ட் தொட்டியாம், டைரக்டர் ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாராம். “அதுக்கப்புறம் பள்ளிக்கூடத்துல, கல்யாண வீட்ல, எங்க போனாலும், ‘ஏய், நீ அந்தச் செத்துப்போன பொண்ணுதானே’ன்னு சந்தோஷமா கன்னத்தைக் கிள்ளுவாங்க. நான் உசிரோட முன்னாடி நிக்கிறேன், அவங்க கண்ணுல தண்ணி வரும். எனக்கு ஒண்ணுமே புரியாது.”

தயாளன் அடுத்த நாளே கிணற்றை மூடுவதற்கு ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு போனான். கேட்டுக்குள் கால் வைத்தான், தெருவில் நின்றான். மறுபடி போனான், மறுபடி தெருவில் நின்றான். எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. கடைசியில் பலகையைப் போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்து அழுதான், பார்க்கச் சகிக்கவில்லை.

வழி ஒன்று மழையில் தெரிந்தது. ஒரு ஞாயிறு கொட்டித் தீர்த்ததில் தெருவில் முழங்கால் தண்ணீர், யாரும் வெளியே வரவில்லை, ஜன்னலையும் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு வந்து பார்த்தால், சுலோசனா போன தடவை நின்ற இடத்திலேயே கையில் கரண்டியோடு நின்றாள், பத்தாவது வாரம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. ஆக, நாங்கள் பார்த்தால்தான் அங்கே நடக்கிறது, பார்க்காவிட்டால் எதுவும் நடப்பதில்லை. இது சின்னப் பிள்ளைக்கும் புரிந்தது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா, ‘அந்தக் கடைசி வாரத்தை மட்டும் பார்க்காமல் இருந்தால் போயிற்று’ என்று சொல்லிப் பதினொன்றையும் பன்னிரண்டையும் பார்த்தோம். பன்னிரண்டாவது வாரத்தில் கேசவன் மகளை நாற்காலியில் ஏற்றி நிற்க வைத்து, கையில் ஒரு டம்ளரைக் கொடுத்துப் படம் எடுத்தான். திங்கட்கிழமை எங்கள் சுவர்களிலெல்லாம், ‘ஓஜா மால்ட் — உங்கள் கண்ணெதிரே வளர்வாள், பார்த்துக்கொண்டே இருங்கள்’ என்று இருந்தது.

அந்த வாரம் நாகலிங்கம் சார் கூட்டம் போட்டார். எல்லோரும் சித்ராவைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், ஆனால் பேசத்தான் பேசினார்கள்.

“இன்னும் ஒரு வாரம்தானே பாக்கி,” என்றார் செல்வம். “பாதியில விட்டா மனசு கேக்குமா?”

“தெரிஞ்ச முடிவுதானே செல்வம்,” என்றார் லூர்துமேரி டீச்சர், பதினைந்தாம் நம்பர், எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருப்பவர். “புதுசா என்ன நடந்துடப் போகுது?”

சித்ரா எழுந்தாள். “தெரிஞ்ச முடிவுதான் டீச்சர். அப்புறம் எதுக்குப் பார்க்கணும்?”

அவள் சத்தம் போடவில்லை, யாரையும் திட்டவில்லை. “ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு அரை மணி நேரம். ஜன்னலை மூடிக்கிட்டு உள்ள இருங்க. என் உசிரு அவ்ளோதான் இருக்கு உங்ககிட்ட,” என்று மட்டும் சொன்னாள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது; நாற்பத்தோரு வீட்டுக்காரர்களும் கையெழுத்துப் போட்டோம்; மனையைச் சுற்றிப் பச்சை வலை கட்டினோம், மாடி உயரத்துக்கு வலை கிடைக்காததால் ஆள் உயரத்துக்குக் கட்டினோம். போகும்போது சித்ரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க மாடி ஜன்னல்தான்க்கா கிணத்துக்கு நேரா இருக்கு.” என் வீட்டுக்காரர் மேல் ஆணையாக மூடியே வைத்திருப்பேன் என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

முதல் ஞாயிறு ஒரு விரதம் மாதிரி கழிந்தது. நாலரைக்கு எல்லோரும் வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம், சித்ரா எல்லோருக்கும் கேசரி கிண்டிக் கொண்டுவந்தாள். இரண்டாவது ஞாயிறும் கழிந்தது, ஆனால் சிரிப்பு குறைவு. அந்த வாரத்திலிருந்து நகரே ஒரு மாதிரி ஆயிற்று. மாவு அரைக்கிற இடத்தில், பஸ் ஸ்டாப்பில், கோயில் பிராகாரத்தில், எங்கே இரண்டு பேர் நின்றாலும் அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றியே பேச்சு. போன் மணி முதலில் அடிக்குமா, பாப்பு முதலில் பின்பக்கம் போவாளா? சுலோசனா கட்டியிருந்தது ஊதாவா கத்தரிப்பூ நிறமா? திரும்பிப் பார்ப்பாளா மாட்டாளா? சண்டை போடுகிற அளவுக்குப் பேசினார்கள், நானும் பேசினேன், தூரத்தில் சித்ரா வருவது தெரிந்தால் நிறுத்தி, “என்ன வெயில், என்ன வெயில்,” என்றோம். அவளுக்கா தெரியாது. அவள் முகம் நாளுக்கு நாள் சின்னதாகிக்கொண்டு வந்தது.

மூன்றாவது ஞாயிறு மூன்றரைக்கே தெரு வெறிச்சென்று ஆயிற்று. கதவுகள் சாத்தினது கேட்டது, தாழ்ப்பாள் போட்டது கேட்டது, காக்காய்கூடக் கத்தவில்லை. நாலு மணிக்குப் பதினேழாம் மனையில் போன் மணி அடித்தது. முதல் இரண்டு ஞாயிறும் அது அடிக்கவில்லை.

நாலரைக்குத் தயாளன் கதவைத் திறந்துகொண்டு தெருவில் வந்து நின்றான். அவனும் சித்ராவும் கூடத்தில் டிவியை அணைத்து, திரையை இழுத்து விட்டு, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். நாலே கால் தாண்டியதும் அவள் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி காலை ஆட்ட ஆரம்பித்தாளாம். அப்புறம் ஒரு தடவை இருமினாளாம், கை சில்லிட்டுப் போயிற்றாம். நாங்கள் போய்ப் பார்த்தபோது தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது, சோபாவுக்குக் கீழே தண்ணீர் குளமாக நின்றது, அதில் பாசி மிதந்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, நெஞ்செல்லாம் தண்ணீர் என்றார். வெளியே பதினேழாம் மனையில் பச்சை வலைக்குள் கருவேல முள்ளும் இரண்டு ஆடுகளும் இருந்தன.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சித்ராவின் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். யாரும் கேட்காமலேயே நாகலிங்கம் சார் ஆரம்பித்தார்.

“என் கடிகாரம் நின்னுபோச்சு. மணி எவ்வளவுன்னு தெரியணுமே, அதுக்காக மாடிக்குப் போய் அந்த வீட்டுக் கூடத்துல இருக்கிற சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தேன். வேற எதையும் பார்க்கலை. முள் நகர்ந்தது.”

அப்புறம் லூர்துமேரி டீச்சர், நேராகப் பார்த்தால்தானே பார்த்தது, அதனால் முகம் பார்க்கிற கண்ணாடியில் பார்த்ததாகவும், அதிலும் சுலோசனாவின் போன் பிடித்த கையை மட்டும்தான் பார்த்ததாகவும், கத்தரிப்பூ நிறம்தான் என்றும் சொன்னார். மாடி வீட்டு ரசாக் பாய் தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்க்கப் போனவர், கிணற்றுச் சுவரில் உட்கார்ந்திருந்த காக்காய் பறந்ததைப் பார்த்திருந்தார். செல்வத்தின் மனைவி பார்க்கவே இல்லை, ஜன்னலில் போனை வைத்துப் பதிவுதான் செய்தாள், அப்புறம் ஒரே ஒரு தடவை திரை எரிகிறதா என்று பார்த்தாள், ராட்டினக் கயிறு ஆடிக்கொண்டிருந்தது. ஒருவர் வாசல்படியை, ஒருவர் கொடியில் காய்ந்த துண்டை, ஒருவர் பாப்புவின் ஒரு செருப்பை. அவரவர் பார்த்த துண்டு மட்டும் அசைந்திருக்கிறது, அவரவர் மனசுக்கு அது ஒரு பாவமும் இல்லாத துண்டு. ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல எங்கள் நடுவில் அந்தக் காட்சி முழுசாக வந்து நின்றது, வீடு, போன், சிரிப்பு, முற்றம், கயிறு, எல்லாம். ஒன்றுதான் குறைந்தது. பாப்புவை யாரும் பார்க்கவில்லை.

தயாளன் அதுவரை தலையைக் குனிந்து டீ டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான்.

“உங்க ஜன்னல் நேரா இருக்குமே அக்கா,” என்றான்.

மூடியிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம், அவன் நம்பியிருப்பான், அவன் யாரையும் சந்தேகப்படத் தெரியாதவன். என்னால் முடியவில்லை. நான் பார்த்தேன் தயாளன் என்றேன். திரையை ஒரு விரல் அகலம் விலக்கினேன். பாப்பு கிணற்றுச் சுவரில் வயிற்றை அழுத்தி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கால் தரையில்தான் இருந்தது, நான் கண்ணை மூடியிருந்தால் அப்படியே நின்றிருப்பாள், நாலரை வரைக்கும், அதற்கப்புறமும். மூட வேண்டும் என்று தெரிந்தது. கால் தரையை விட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது, அவளுக்காக, என் வீட்டுக்காரருக்காக, எனக்காக, நெஞ்சே லேசாகிற மாதிரி அழுதேன். கைக்குட்டையை மூன்று மணிக்கே எடுத்து மடியில் வைத்திருந்தேன்.